எது முன்? எது பின்?

சென்ற கோடை விடுமுறையில் என் மகன் பிடிவாதம் செய்து ஸ்கேட்போர்டு என்னும் சக்கரப் பலகை ஒன்றை வாங்கிக்கொண்டான். குடியிருப்பின் சிமெண்டுத் தரையில் அதன்மீது ஏறப்போன முதல் நாளே வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. "எந்தக் காலை முன்னால் வைக்க வேண்டும், அப்பா?" என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் என் தாயார், "இதென்ன கேள்வி? வலது காலை வைத்து ஏறடா, கண்ணா" என்றார். அண்டை வீட்டுச் சிறுவர்களோ இடது கால்தான் முன்னால் இருக்க வேண்டும் என்று சாதித்தார்கள்.

விசாரித்ததில் இரு தரப்பிலும் பிழையில்லை என்று தெரிந்தது. இடது காலை முன் வைத்து நிற்பதை 'ரெகுலர்' என்கிறார்கள். வலது காலை முன் வைப்பதற்கு 'கூஃபி' என்று பெயர். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்பதில்லை. காலுறை அணிந்து வழவழப்பான தரையில் சிறிது ஓடி வழுக்கிப் பார்த்தால், தானாக முன் செல்லும் கால் எதுவோ அதுவே பெரும்பாலும் அவரவர்க்கு உரிய முன்கால். என் மகனுக்கு வலது கால் முன் சென்றது. பாட்டிக்கே வெற்றி!

இவ்வித்தை நம் கடற்கரைக்கும் பழகிவிட்டது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மீனவரான மூர்த்தி மேகவன் முன்னின்று 2012-ல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கப்பட்டது. ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கும் சக்கரப் பலகையும் முதன்முதலாக இடம் பெற்றது 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நம் மாமல்லபுரத்திலேயே நடைபெற்றது. அலைமேல் நிற்பவர் முன்காலில் பாரம் கொடுத்தால் பலகை விரையும். அளவு மீறினால் மூக்குக் குப்புற நீரில் பாயும். பின்காலில் பாரம் கொடுத்தால் வேகம் தணியும். பலகையைத் திருப்புவதில் பின்காலுக்கே பெரும்பங்கு. பாதுகாப்புக் கயிற்றையும் பின்கால் கணுக்காலிலேயே கட்டுவர்.

ஆனால் சக்கரப் பலகையில் ஒரு விந்தை உண்டு. அதன் இரு முனைகளும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால், நின்றவன் நின்றபடியே இருக்கப் பலகை எதிர்த்திசையில் ஓடத் தொடங்கினால், முன்கால் பின்காலாகிவிடும். ஆகவே 'முன்' என்பது காலிலும் இல்லை, பலகையிலும் இல்லை. போகும் திசையில் இருக்கிறது.

இது ரயில்வேக்காரனாகிய எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய பாடம். விசாகப்பட்டினம் நிலையத்திற்குள் வந்து போகும் ஹௌரா, சென்னை மார்க்க வண்டிகள் பலவற்றுக்கு அங்கே இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டுவர். அதுவரை கடைசியாக வந்த பெட்டி அதன்பின் முதற்பெட்டி!

ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பிழை செய்தேன். தில்லியில் ஒரு நிலையத்தில், நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் மனைவியுடன் வந்து, "தம்பி, எங்கள் பெட்டி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அவசரத்தில் "முன்பக்கம், ஐயா" என்றேன். நான் எண்ணியது இஞ்சின் பக்கம். அவர் கொண்டதோ நிலையத்தின் முன்வாசல் பக்கம். வண்டி நகரத் தொடங்கிய பின் முழங்கால் வலியுள்ள அந்த அம்மாளை யாரோ கைகொடுத்துக் கடைசிப் பெட்டியில் தூக்கி ஏற்றியதைக் கண்டேன். கால் தவறியிருந்தால்? அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

அளவையிலும் இதே கதைதான். நம் நாட்டு அகலப் பாதையின் அளவு 1,676 மில்லிமீட்டர். அது இரு தண்டவாளங்களின் உட்பக்கத்திலிருந்து உட்பக்கம் வரை எடுத்த அளவு. வெளிப்பக்கத்திலிருந்து அளந்தால் கணக்கு வேறு. தச்சருடைய அளவு நாடாவின் முனையிலுள்ள கொக்கி சற்றே ஆடும். பழுதென்று எண்ணி அதனை அடித்து இறுக்குவோர் உண்டு. உண்மையில் அது ஆடும் தூரம் கொக்கியின் தடிப்புக்குச் சமம். பலகை விளிம்பில் மாட்டி இழுத்தாலும், சுவரில் முட்டி அளந்தாலும் கணக்கு பிசகாதிருக்கவே அந்த ஏற்பாடு. எங்கிருந்து தொடங்குகிறோம் என்பது தெளிவானால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு.

எனவே அன்பர்களே, ஊரிலிருந்து வரும் பெற்றோரை ரயிலேற்ற வழி சொல்லும்போது 'முன், பின்' என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். "இஞ்சினிலிருந்து நான்காவது பெட்டி", "மேம்பாலப் படியிலிருந்து இடப்புறம்" என்று தொடங்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நானும் அன்று முதல் அப்படியே சொல்லி வருகிறேன். பிள்ளைகள் சக்கரப் பலகை கேட்டால் தலைக்கவசத்துடன் வாங்கிக் கொடுங்கள். எந்தக் கால் முன் என்பதை அவர்களுடைய கால்களே தீர்மானிக்கட்டும்.