மோட்டார் காரின் இஞ்சின் எண்ணெயை மாற்றவேண்டிய தருணம்

புதுச்சேரி நகரத்துக்குக் காரியார்த்தமாக அடிக்கடி வந்துபோகும் பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் முதலிய கொம்யூன்களின் நிலச்சுவான்தார்களிற் பலர் இப்பொழுது சொந்தமாகக் கார் வைத்திருக்கின்றனர். உழவு மாட்டுக்குத் தீனி தவறினால் அன்றே மாடு காட்டிவிடும். இஞ்சின் எண்ணெய் கெட்டாலோ வண்டி நெடுநாள் ஒன்றும் காட்டாது. காட்டும்பொழுது செலவு பல்லாயிரம் ரூபாயாகிவிடும்.

இவ்வெண்ணெய் உலோகப் பாகங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று உராய்வைத் தடுக்கிறது; உஷ்ணத்தை வாங்கிக்கொள்கிறது; கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. நாளடைவில் சூட்டினால் அதன் குணம் மாறும். அதிற் சேர்த்துள்ள இரசாயனச் சரக்குகளும் தீர்ந்துபோகும்.

எப்பொழுது மாற்றுவது என்பதைக் காருடன் வந்த கைப்புத்தகமே கூறும். இக்காலத்துக் கார்களிற் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே கெடு. பின்னதைப் பலர் மறந்துவிடுகின்றனர். வண்டி அதிகம் ஓடாதிருக்க எண்ணெய் எவ்வாறு கெடும் என்பது அவர்கள் கேள்வி. வீட்டிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கும், அங்கிருந்து கடற்கரைச் சாலைக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் காரில் இஞ்சின் முழுச் சூடு அடைவதில்லை. எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் இறங்கி, ஆவியாகிப் போக வழியின்றித் தங்கிவிடுகின்றன. ஆகையால், நெடுஞ்சாலையில் காரைக்கால்வரை ஓடி மீளும் வண்டியைவிட, நகரத்துக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிக்கே எண்ணெய் சீக்கிரம் கெடும். புழுதிச் சாலையும் பெரும்பாரமும் அவ்வாறே கெடுப்பன.

சோதிக்கும் முறை எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்து, எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுக்கவேண்டும். எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையே நிற்கவேண்டும். அது குறைந்துகொண்டே வந்து, புகைக்குழாயில் நீலப்புகையும் கண்டால் எண்ணெய் எரிகிறது என்று அறிக. அளவு ஏறினால் அதைவிடச் சந்தேகம். பெட்ரோலோ டீசலோ ஜலமோ கலந்திருக்கக்கூடும். விரலில் தேய்த்தால் நறநறவென்றிருப்பதும் கெட்ட குறியே. ஆனால் கறுப்பு நிறம் மட்டும் குறியாகாது. டீசல் இஞ்சினில் புது எண்ணெயும் விரைவிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் தாங்கி நிற்கிறது என்பதே அதன் பொருள். கறுத்துவிட்டதென்று காட்டியே பணம் வாங்குவோரும் உண்டு. ஓட்டுபவர் முன்னுள்ள பலகையில் எரியும் சிவப்பு எண்ணெய் விளக்கு மாற்றும் நாளைக் காட்டுவதன்று. எண்ணெயின் அழுத்தம் விழுந்ததைக் காட்டுவது. ஓட்டத்தில் அது எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிடவேண்டும்.

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து, கிருஷ்ணா நகர் முதலிய தாழ்ந்த பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய வெள்ளத்தில் நின்ற காரை, ஜலம் வடிந்ததும் ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவி திருப்புவது பெருந்தவறு. சிலிண்டருக்குள் புகுந்த ஜலம் காற்றைப்போல் அமுங்காது. பிஸ்டன் தண்டு வளைந்துபோகும். கம்பியில் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் தோன்றினால், கிலோமீட்டர்க் கணக்கு எதுவாயினும், வண்டியை இழுத்துச் சென்று, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, மெக்கானிக் சோதித்த பின்னரே ஓட்டலாம். வெள்ளமின்றியே அந்நிறம் கண்டால், ரேடியேட்டர் நீர் இஞ்சினுக்குள் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். அப்பொழுது எண்ணெயை மட்டும் மாற்றுவது வீண்.

டிராக்டருக்குக் கிலோமீட்டர்க் கணக்கு உதவாது. அது ஓடிய மணிக்கணக்கையே குறித்துவைக்கவேண்டும்.

வடித்த பழைய எண்ணெயைக் கறையான் தடுக்க வேலிக்கால்களுக்குப் பூசுவதும், வாய்க்காலில் ஊற்றிவிடுவதும் கிராமங்களில் காணப்படுகின்றன. அதில் உலோகத் துகள்களும் நச்சுப் பொருள்களும் கலந்துள்ளன. மத்திய அரசாங்கத்தின் 2016-ஆம் வருஷத்து விதிகள் அதனை அபாயகரமான கழிவுகளிற் சேர்த்திருக்கின்றன. புதுச்சேரிப் பிரதேசத்தில் குடிக்கவும் பயிருக்குப் பாய்ச்சவும் நிலத்தடி நீரே பேராதாரமாதலால், அவ்வெண்ணெயை மூடிய டப்பாவில் சேர்த்து, அனுமதி பெற்ற சுத்திகரிப்போருக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைக்கும்படி கொம்யூன் அதிகாரிகள் குடிகளுக்கு அறிவிக்கவேண்டும்.