கெர்னலின் கணக்கில் ஒரு கசிவு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்

கணிப்பொறியில் எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், எவர் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்று பங்கிட்டுக் கணக்கு வைப்பது கெர்னல் எனப்படும் உட்கரு மென்பொருளே. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற இயங்குதளமும் இருந்ததை நண்பர்கள் அறிவர். சி-டாக் உருவாக்கிய அந்தப் பாஸுக்கும், நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். அதன் கணக்கில் நேர்ந்த ஒரு பிழையைப் பற்றியதே இக்கட்டுரை.

லினக்ஸில் 'சாவிவளையம்' என்றொரு பொருள் உண்டு. கடவுச்சொல், மறைகுறிச் சாவி முதலியன அதில் பாதுகாக்கப்படும். ஒவ்வொரு வளையத்துக்கும் ஓர் எண்ணி. எடுத்தால் ஒன்று கூடும். விட்டால் ஒன்று குறையும். பூஜ்யமானால், "இனி எவருக்கும் வேண்டாம்" என்று கெர்னல் அதை அழித்து, அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

நம் செங்கற்பட்டுப் பக்கத்து ஏரி மதகை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் கேட்டு வருவோர் ஒவ்வொருவருக்கும் நீர்க்கட்டி சிலேட்டில் ஒரு கோடு இடுகிறார். போதும் என்றால் ஒரு கோட்டை அழிக்கிறார். கோடே இல்லையென்றால் மதகை மூடலாம். ஏற்கெனவே பாய்ச்சிக்கொண்டிருப்பவர் மீண்டும் வந்து கேட்கிறார். கோடு இட்டபின், "உமக்குத்தான் பாய்கிறதே!" என்று திருப்பி அனுப்புகிறார் நீர்க்கட்டி, இட்ட கோட்டை அழிக்க மறக்கிறார். அன்று மாலை எல்லோரும் போன பின்னும் மதகு திறந்தே கிடக்கும். (கணக்குக் காட்டாத வாரிய உறுப்பினரையும் அவர் உறவினரையும் உத்திரமேரூர்ச் சோழர் கல்வெட்டு குடவோலையிலிருந்தே விலக்கியது. நம்மவர் கணக்கில் கண்டிப்பானவர்கள்தாம்!)

லினக்ஸில் நடந்ததும் இதுவே. ஒரு நிரல் தன்னிடமுள்ள அதே வளையத்தை மீண்டும் கேட்டால், கெர்னல் தேடி எடுக்கும்போது ஒன்று கூட்டியது. "இரண்டும் ஒன்றே" எனக் கண்டதும் கழிக்காமல் வெளியேறியது. 2013-இல் வெளிவந்த 3.8 பதிப்பில் நுழைந்த இப்பிழையை, 2016 ஜனவரியில் பர்செப்ஷன் பாயிண்ட் என்ற நிறுவனம் வெளிப்படுத்தியது.

கொஞ்சம் நினைவகம் வீணானால் என்ன என்று கேட்கலாம். ஆபத்து வேறிடத்தில் உள்ளது. எண்ணி 32 பிட் அளவுடையது. 4,294,967,296 முறை கூட்டினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டரைப் போல மீண்டும் பூஜ்யத்துக்கே வந்துவிடும். வளையம் பயனில் இருக்கும்போதே கெர்னல் அதை அழித்துவிடும். காலியான அவ்விடத்தில் தீயவன் தன் தரவை நுழைத்தால், சாதாரணப் பயனர் கணிப்பொறியின் முழு அதிகாரியாகிவிடலாம். சாதாரணக் கணிப்பொறியில் இதற்குச் சுமார் அரைமணி நேரமே பிடித்ததாம்!

திருத்தமோ ஒரே வரி. வெளியேறுமுன் 'கீ புட்' என்ற கட்டளையைச் சேர்த்தார்கள். கூட்டிய ஒன்று கழிந்தது. எங்கள் வீட்டில் கணக்கு என்றால் மளிகைக்கடைப் பாக்கி நோட்டுதான். அதிலும் அடிக்காமல் விட்ட ஒரு வரிதானே சண்டையாகும்!

ஆயினும், இத்தகைய மறதி வேறு எங்கெங்கு ஒளிந்திருக்குமோ? ஆதலால் 2017-இல் 4.11 பதிப்பில் புதுவகை எண்ணி ஒன்றைக் கொண்டுவந்தனர். அளவு மீறினால் அது சுழன்று பூஜ்யமாகாது; ஒரு பெரிய எண்ணிலேயே நின்றுவிடும். அந்தப் பொருள் பின்னர் அழியவே அழியாது. சிறிது நினைவகம் நஷ்டம், ஆனால் பூட்டு உடையாது. இது நல்ல பேரம் என்பதே என் கருத்து. சாவிவளையத்தின் எண்ணியும் அதே ஆண்டில் அவ்வகைக்கு மாற்றப்பட்டது.