வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு... இன்னொரு தடவை அழுத்தலாமா? ‘பே’ பட்டனுக்குப் பின்னால் நீங்கள் எழுதவேண்டிய கோடு!

இரவு பத்து மணி. ஸ்கூல் ஃபீஸ் கட்ட நாளைக்குக் கடைசி நாள். ஆப்பைத் திறக்கிறீர்கள். 12,500 ரூபாய். ‘பே’ பட்டனை அழுத்தி, பின் நம்பரையும் போட்டாச்சு. திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. சுற்றுகிறது, சுற்றுகிறது, ஒரு நிமிஷம் ஆகியும் நிற்கவில்லை. ‘நெட் ஸ்லோ போல’ என்று ஆப்பை மூடித் திறந்தால், ஃபீஸ் கட்டாததாகவே காட்டுகிறது. சரி என்று மறுபடியும் அழுத்துகிறீர்கள். இந்த முறை பச்சை டிக் வந்துவிட்டது. நிம்மதியாக போனைக் கீழே வைக்கும்போது பேங்க்கிலிருந்து மெசேஜ். ஒன்று இல்லை, இரண்டு. 25,000 ரூபாய் போயிருக்கிறது.

மாசக் கடைசியில் இப்படி ஆனால், அந்த வீட்டில் மளிகைக்கு என்ன செய்வார்கள்? இதில் கொடுமை என்னவென்றால், பேங்க் கணக்கில் இது தப்பே இல்லை. இரண்டு முறை பின் போட்டீர்கள், இரண்டு முறை பணம் போனது, இரண்டுமே வெற்றி. யுபிஐ-யில் உங்கள் பணம் எடுக்கப்பட்டு, கடைக்கு உறுதித் தகவல் போய்ச் சேராமல் நின்றுவிட்டால் அதற்கு ஒரு விதி இருக்கிறது. ஐந்து நாள்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. ஆனால், இரண்டு முறையும் ‘சரியாக’ப் போய்ச் சேர்ந்த பணத்துக்கு அந்த விதி கைகொடுக்காது. யார் வாங்கினார்களோ அவர்களிடம் போய் நின்று கேட்டுத்தான் வாங்கணும்.

இது நெட்டின் தப்பு இல்லை. ஆப் எழுதினவரின் தப்பு. நீங்கள் இப்போது கோடிங் கற்றுக்கொண்டு, காலேஜ் பிராஜெக்ட்டுக்கோ, சித்தப்பாவின் மளிகைக்கடைக்கோ ஒரு ஆப் எழுதிக்கொண்டிருந்தால், நாளைக்கு இந்தத் தப்பைச் செய்யப்போவது நீங்களாகவும் இருக்கலாம். தடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை என்பதுதான் நல்ல செய்தி.

வட்டம் சுற்றிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிஷத்தில் என்ன நடந்திருக்கும்? உங்கள் போன் அனுப்பிய ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போகவே இல்லாமல் இருந்திருக்கலாம். போய், அங்கே வேலை நடக்காமல் நின்றிருக்கலாம். இல்லை, வேலை கச்சிதமாக முடிந்து, ‘முடிந்தது’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மூன்றும் வேறு வேறு. ஆனால், போனுக்கு மூன்றும் ஒன்றுதான்: பதில் வரலை. புதிதாக எழுத வருகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ‘பதில் வரவில்லை’ என்பதை ‘நடக்கவில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இது கம்ப்யூட்டர் உலகின் பழைய தலைவலி. ‘இரண்டு தளபதிகள் பிரச்னை’ என்று இதற்குப் பெயர். 1975-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வந்தது, 1978-ல் ஜிம் கிரே என்ற விஞ்ஞானி அந்தப் பெயரை வைத்தார். எதிரியின் பள்ளத்தாக்கு வழியாகத் தூதர்களை அனுப்பும் இரண்டு தளபதிகள், எத்தனை தூதர்களை அனுப்பினாலும் ‘அவருக்குச் செய்தி சேர்ந்துவிட்டது, சேர்ந்தது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்’ என்று முழு நிச்சயத்துக்கு வரவே முடியாது. நெட்டை எவ்வளவு வேகமாக்கினாலும் இது மாறாது. அதனால், நெட் அறுந்துபோகும் என்று ஒப்புக்கொண்டுதான் கோடு எழுதணும்.

எல்லோரும் முதலில் செய்வது, அழுத்தியதும் பட்டனை முடக்குவது. செய்யுங்கள், அவசரத்தில் இரண்டு தட்டு தட்டுபவர்களை அது காப்பாற்றும். ஆனால், அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆப்பை மூடித் திறந்தால் பட்டன் மறுபடி உயிரோடு இருக்கும். சில நேரம் மனிதர் அழுத்தவே வேண்டாம். நீங்கள் சேர்த்திருக்கும் நெட்வொர்க் லைப்ரரியே ‘பதில் காணோமே’ என்று தானாக இன்னொரு முறை அனுப்பிவிடும். ‘தயவுசெய்து பேக் பட்டனை அழுத்தாதீர்கள், ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள்’ என்று சில பேமென்ட் பக்கங்களில் பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால், அது செய்யாத வேலையைப் பயனரின் தலையில் கட்டும் போர்டு.

சரியான வழி என்ன? மொய் டேபிளுக்குப் போவோம்.

கல்யாண மண்டபத்தில் நல்ல கூட்டம். பந்தியில் உட்கார்ந்துவிட்ட நீங்கள், அக்கா பையனிடம் 500 ரூபாய் கவரைக் கொடுத்து ‘மொய் எழுதிட்டு வாடா’ என்று அனுப்புகிறீர்கள். போன பையன் திரும்பவே இல்லை. எழுதினானா, இல்லை ஐஸ்க்ரீம் பக்கம் ஒதுங்கிட்டானா? தெரியாது. மொய் விட்டுப்போனால் மரியாதையாக இருக்காதே என்று இன்னொரு கவரைத் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறீர்கள். மொய் எழுதுகிறவர் பாவம், வருவதையெல்லாம் எழுதுகிறார். நோட்டில் உங்கள் பெயரில் 1,000 ரூபாய்.

இப்போது கவரின் மேல் ஒரு நம்பர் எழுதி அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். 7481. இரண்டாவது கவரிலும் அதே 7481. மொய் எழுதுகிறவருக்கு ஒரே ஒரு விதி: ஒரு நம்பரை ஒரு முறைதான் எழுதணும். இரண்டாவது கவர் வந்ததும் நோட்டைப் பார்க்கிறார். ‘இது எழுதியாச்சே தம்பி, கவரைத் திருப்பி எடுத்துட்டுப் போ’ என்கிறார். எத்தனை பேரை அனுப்பினாலும் மொய் ஒன்றுதான். முதல் பையன் நிஜமாகவே ஐஸ்க்ரீமுக்குப் போயிருந்தாலும் கவலையில்லை, இரண்டாவது கவர் எழுதப்படும்.

இந்த நம்பருக்குத்தான் ‘ஐடெம்பொட்டன்சி கீ’ என்று பெயர். வாயில் நுழையாத இந்த வார்த்தையின் வேரை 1870-ல் பெஞ்சமின் பியர்ஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கினார். திரும்பத் திரும்பச் செய்தாலும் ஒரு முறை செய்ததற்குச் சமம் என்று அர்த்தம். லிஃப்ட் பட்டனை ஐந்து முறை அழுத்தினாலும் லிஃப்ட் ஒரு முறைதான் வரும். காலிங் பெல் அப்படி இல்லை. வெப்பின் ஹெச்டிடிபி விதியிலேயே கெட், புட், டெலீட் மூன்றும் லிஃப்ட் பட்டன் ரகம். போஸ்ட் காலிங் பெல் ரகம். பணம் கட்டுவது, ஆர்டர் போடுவது எல்லாம் பெரும்பாலும் போஸ்ட்டில்தான் நடக்கிறது. ஸ்ட்ரைப் போன்ற பேமென்ட் நிறுவனங்களின் ஏபிஐ-யில் இந்த கீயை அனுப்பவென்றே ஒரு ஹெடர் இருக்கிறது.

கேட்க சுலபம். எழுதும்போதுதான் கோட்டை விடுவோம். முதல் விஷயம், நம்பரை எப்போது உருவாக்குவது? பட்டனை அழுத்தும்போது உருவாக்கினால் எல்லாம் வீண். ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது நம்பர் பிறக்கும், சர்வருக்கு இரண்டும் புதுக் கவராகவே தெரியும். ‘நவம்பர் ஃபீஸ்’ என்ற பக்கம் திறக்கும்போதே உருவாக்கி, போனின் ஸ்டோரேஜில் சேமித்துவிடுங்கள். ஆப்பை மூடித் திறந்தாலும் அதே நம்பர் இருக்கணும். பணம் கட்டி முடிந்தது, அல்லது நிச்சயமாகத் தோற்றது என்று சர்வர் சொன்ன பிறகுதான் அதை அழிக்கணும். நம்பருக்கு யூயூஐடி போதும். ஜாவாஸ்கிரிப்ட்டிலும் கோட்லினிலும் ஒரே வரியில் கிடைக்கும். 122 பிட் தற்செயல் எண் என்பதால் இன்னொருவருடையதோடு மோதும் என்ற பயம் வேண்டாம்.

அடுத்தது சர்வர் பக்கம். ‘இந்த நம்பர் டேட்டாபேஸில் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது’ என்று இரண்டு படியாக எழுதத் தோன்றும். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால், கூட்டம் அதிகம் என்று மொய் டேபிளில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால்? இரண்டு கவரும் ஒரே நொடியில் ஆளுக்கொன்றாக வருகிறது. இருவரும் ஒரே நேரத்தில் நோட்டைப் பார்க்கிறார்கள், இருவருக்கும் 7481 தெரியவில்லை, இருவரும் எழுதுகிறார்கள். உங்கள் சர்வரும் ஒரே நேரத்தில் பல ரிக்வெஸ்ட்களைக் கவனிக்கும் ஆசாமிதான். அதனால் பார்க்கும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள், டேட்டாபேஸிடம் விடுங்கள். கீ இருக்கும் காலத்துக்கு ‘யுனிக்’ கட்டுப்பாடு போட்டுவிட்டு நேராக எழுதப் பாருங்கள். இரண்டாவது ஆளுக்கு டேட்டாபேஸே எரர் கொடுக்கும். அந்த எரரைப் பிடித்து, ஏற்கெனவே எழுதியிருக்கும் ஆர்டரை எடுத்து அதையே பதிலாக அனுப்புங்கள். ‘டூப்ளிகேட்’ என்று சிவப்பில் எதையாவது காட்டி ஏற்கெனவே பயந்துபோயிருப்பவரை இன்னும் பயமுறுத்த வேண்டாம்.

இப்போது அந்த ஸ்கூல் ஃபீஸ் கதையைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது முறை அழுத்தும்போது அதே கீ போகிறது. சர்வர் புது ஆர்டர் போடாமல் பழையதை எடுக்கிறது. அதன் நிலை ‘உறுதியாகவில்லை’. உடனே பின் கேட்கும் பக்கத்தைத் திறக்காமல், பேமென்ட் கேட்வேயிடம் ‘இந்த ஆர்டருக்குப் பணம் வந்ததா?’ என்று விசாரிக்கிறது. வந்துவிட்டது என்றால் பச்சை டிக், தோற்றது என்றால் மட்டும் இன்னொரு முயற்சி. இரண்டாவது பின்னுக்கு வேலையே வரவில்லை. ஒரே கீயில் வேறு தொகை வந்தால் மறுத்துவிடுங்கள், எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். தொகையை முழு எண்ணாக, பைசாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது.

திரையில் என்ன எழுதுகிறீர்கள் என்பதும் கோடு அளவுக்கு முக்கியம். டைம்அவுட் ஆனதும் ‘பேமென்ட் தோல்வி, மீண்டும் முயலவும்’ என்று போடுவது பொய். உங்களுக்கே தெரியாததை எப்படித் தோல்வி என்று சொல்வீர்கள்? ‘உங்கள் பணம் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். மறுபடி கட்ட வேண்டாம். ஆர்டர் எண் இது’ என்று போடுங்கள். அந்த ஆர்டர் எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வசதியாகப் பெரிதாகக் காட்டுங்கள், நாளைக்கு கவுன்டரில் நிற்கப்போகிறவருக்குக் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். பின்னணியில் ஆப் 1 நொடி, 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே விசாரிக்கட்டும். அதில் கொஞ்சம் தற்செயலான நேரத்தையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் சர்வர் ஒரு நிமிஷம் படுத்து எழுந்ததும், எல்லா போன்களும் ஒரே நொடியில் மேலே விழுந்து அதை மறுபடி படுக்க வைத்துவிடும்.

இன்னொன்று. போன் ‘பணம் கட்டியாச்சு’ என்று சொல்வதை நம்பி ரசீது போடாதீர்கள். போனிலிருந்து வருவதை யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். கேட்வே உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் வெப்ஹுக் தகவலின் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு, அதை நம்புங்கள். அந்த வெப்ஹுக்கும் ஒரே செய்தியை இரண்டு மூன்று முறை அனுப்பும், ஏனென்றால் அவர்களுக்கும் உங்கள் பதில் கிடைத்ததா என்ற அதே சந்தேகம்தான். அதற்கும் ஒரு யுனிக் எண் இருக்கும், அதே மொய் நோட்டு வைத்தியம்தான்.

எழுதியாச்சா? வீட்டு வைஃபையில் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு ‘வேலை செய்யுது’ என்று ரிலீஸ் செய்துவிடாதீர்கள். சர்வர் கோடில், ஆர்டரை எழுதிய வரிக்குப் பிறகு, பதில் அனுப்பும் வரிக்கு முன்னால், வேண்டுமென்றே 30 நொடி தூங்க வையுங்கள். இப்போது போனில் அழுத்துங்கள். வட்டம் சுற்றும்போதே ஏரோப்ளேன் மோடு போடுங்கள். ஆப்பை அடியோடு மூடுங்கள். நெட்டை ஆன் செய்து, ஆப்பைத் திறந்து மறுபடி அழுத்துங்கள். பத்து முறை படபடவென்று தட்டுங்கள். வீட்டில் சின்னப் பசங்க இருந்தால் அவர்களிடம் கொடுங்கள், நம்மைவிட நன்றாக டெஸ்ட் பண்ணுவார்கள். அப்புறம் டேட்டாபேஸில் ஆர்டர் டேபிளைத் திறந்து பாருங்கள். அந்த ஃபீஸுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கணும்.