டாஸ் லேப்டாப் வாங்கலாமா?

கல்லூரி திறக்கும் பருவத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் லேப்டாப் வாங்க வருகிற குடும்பங்கள் ஓரிடத்தில் தடுமாறி நிற்கின்றன. இரண்டு லேப்டாப், ஒரே கம்பெனி, ஒரே பிராசசர், ஒரே ராம். ஒன்று மட்டும் சில ஆயிரம் ரூபாய் மலிவு. காரணம் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும்: ‘டாஸ்’ அல்லது ‘உபுண்டு’. உள்ளே விண்டோஸ் இல்லை என்று அர்த்தம்.

டாஸ் என்று போட்டிருந்தால் வாங்கிய கையோடு பாடம் படிக்க முடியாது. வேறு இயங்குதளம் ஒன்றைப் போட்டாக வேண்டும். உபுண்டு அப்படியல்ல. லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த முழுமையான, இலவசமான இயங்குதளம் அது. லினக்ஸ் நம் வீடுகளுக்குப் புதிதும் இல்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாத வீடுகளில் அதை யாரும் திறந்தே பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

வாங்கலாமா என்பதை விலை முடிவு செய்யக் கூடாது. பிள்ளை படிக்கப்போகிற படிப்பு முடிவு செய்யட்டும். திண்டிவனம் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிற மாணவிக்கு சி, ஜாவா, பைத்தான் எல்லாம் லினக்ஸிலேயே ஓடும். வேலைக்குப் போகிற இடத்திலும் அது கைகொடுக்கும். பி.காம் படித்து டேலி கற்க வேண்டியவருக்கும், ஆட்டோகேட் வரைய வேண்டியவருக்கும் விண்டோஸ்தான் சரி. டிடிபி வேலை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். யூனிகோடில் தமிழ்99 தட்டச்சு லினக்ஸில் நன்றாகவே வருகிறது. ஆனால் பழைய எழுத்துருக்களில் இருக்கும் கோப்புகளை வைத்துத் தொழில் நடத்துபவர், அவற்றில் ஒன்றிரண்டைத் திறந்து பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

சோதித்துப் பார்ப்பது எளிது. உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவைச் செருகி, எதையும் நிறுவாமலேயே லேப்டாப்பை இயக்கலாம். வைஃபை, கேமரா, ஒலி வேலை செய்கின்றனவா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். பென் டிரைவ் தயாரிக்கத் தெரியாதவர்களுக்கு விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு என்ற தன்னார்வக் குழு இருக்கிறது. மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுக்கொடுப்பதே அவர்களின் பணி.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. “டாஸ் எடுத்துக்கோங்க சார், விண்டோஸ் நாங்களே போட்டுத் தர்றோம்” என்று கடையில் சொன்னால், உரிமம் உண்டா என்று கேளுங்கள். திருட்டு விண்டோஸை உயிர்ப்பிக்க ஓட்டுகிற சிறு நிரல்களில் கடவுச்சொல் திருடும் வைரஸ் ஒளிந்திருக்கலாம். வங்கிக் கணக்கு திறக்கிற லேப்டாப்பில் அதை அனுமதிக்கக் கூடாது. தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றமும்கூட. பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்புக்கு, என் கருத்தில், லினக்ஸே நேர்மையான வழி.

இயங்குதளம் பழக்கமில்லாதது என்ற ஒரே காரணத்துக்காக லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை கிடையாது. சொல்லாமலோ மாற்றிச் சொல்லியோ விற்றால் கதை வேறு. ஐரோப்பிய நீதிமன்றம் சோனி லேப்டாப் வழக்கொன்றில் 2016-ல் தந்த தீர்ப்பும், முன்பே நிறுவிய மென்பொருளைப் பற்றி வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டதா என்பதற்கு முக்கியத்துவம் தந்தது. நம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளின் தன்மையைப் பொய்யாகச் சொல்வதும் பில் தராமல் இருப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகள். இணையத்தில் வாங்கிய பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இல்லையென்றால், திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது.

அதனால் பில்லில் மாடல் எண், சீரியல் எண், இயங்குதளத்தின் பெயர் மூன்றும் இருக்கட்டும். வேறு இயங்குதளம் போட்டால் வாரன்டி செல்லுமா என்பதையும் எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தகராறு வந்தால் அந்தத் தாள்தான் சாட்சி.

கடை இறங்கி வராவிட்டால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லையென்றால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கியிருந்தாலும் திண்டிவனத்தில் குடியிருப்பவர் விழுப்புரத்திலேயே வழக்குப் போடலாம். வசிக்கும் இடத்தில் முறையிடும் உரிமையைச் சட்டம் தருகிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மனுவோடு பில், பெட்டியில் ஒட்டிய சீட்டின் படம், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை இணைத்துக் கொடுக்கலாம்.