குடிநோய் வைத்தியம்: செலவும் வரவும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களில் பிழைப்பை நாடி வந்து குடியேறிய நம் குடும்பங்கள் சிலவற்றில், குடியினால் நேர்ந்த துன்பத்தைக் காண்கிறோம். "வைத்தியம் செய்யக் கூடாதா?" என்றால், "அதற்குப் பணம் ஏது?" என்பதே பதிலாக வருகிறது. ஆகவே, கணக்கைச் சற்று எழுதிப் பார்ப்போம்.

நாளொன்றுக்கு 300 ரூபாய் குடிக்குப் போகிறதென்று கொண்டால், ஆண்டுக்கு 1,09,500 ரூபாய் ஆகிறது. அடகு நகையின் வட்டி இதில் சேரவில்லை.

2016-ஆம் ஆண்டு கேரள அரசு தொடங்கிய 'விமுக்தி' இயக்கத்தின் சிகிச்சை நிலையம், நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையிலேயே அமைக்கப்பட்டது. அங்கு சிகிச்சைக்குக் கட்டணமில்லை. எனினும் செலவே இல்லையென்று சொல்லமாட்டோம். நோயாளியும் துணைக்கிருப்பவரும் மூன்று வாரம் கூலியை இழக்க நேரலாம். தலைக்கு 800 ரூபாய் வீதம் 33,600. சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் 4,200. ஆக 37,800 ரூபாய். இது 126 நாள் குடிச்செலவே.

நாம் அறிந்த தொழிலாளி ஒருவர் சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம் மதுவைத் தொடவில்லை. ஓணத்தன்று மீண்டும் குடித்துவிட்டார். "எல்லாம் வீணாயிற்றே!" என்று அவர் மனைவியார் கண்ணீர் வடித்தார். உண்மையில் வீணாயிற்றா? நம் கணக்கின்படி ஆறு மாதத்தில் மிஞ்சியது 54,000 ரூபாய். செலவு போக 16,200 ரூபாய் லாபம். அந்த ஆறு மாதமும் பிள்ளைகள் அச்சமின்றி உறங்கினரே, அதற்கு விலை ஏது?

குடிநோய், நீரிழிவைப் போல் நெடுநாள் நோய். சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை மறுபடி வழுக்குவதுண்டு என்பது அமெரிக்க ஆராய்ச்சியாளர் மதிப்பு. வழுக்கியவரைத் திரும்ப அழைத்துச் செல்வதே முறை, கைவிடுவதன்று. அத்தொழிலாளியும் மறுமுறை சென்றார். இன்று வேலைக்குப் போய் வருகிறார்.

1994-இல் கலிபோர்னியாவில் எடுத்த கணக்கில், சிகிச்சைக்கு இட்ட ஒரு டாலருக்கு ஏழு டாலர் மிச்சமானது. நம் நாட்டிலோ, 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோர் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றவர்.

ஓர் எச்சரிக்கை: நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அவருக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலப்பதும் அபாயமே. வைத்தியரின் மேற்பார்வை அவசியம். 14446 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம்.

வெட்கத்தை விடுங்கள், அன்பர்களே! மறைத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் செலவுப் பத்தியிலேயே ஏறுகிறது.