நீல பம்ப் மட்டும் போதுமா?

"சேர், நீல பம்ப் பேக்ல இருக்கு. மத்தது ஸ்டீரொய்ட் எண்டாங்க, அத நிப்பாட்டிட்டம்." முட்டு வருத்தம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் அடிக்கடி கேட்கும் பதில் இது. பிள்ளை மீதுள்ள அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் மருத்துவ ஆய்வுகள் சொல்வது இதற்கு நேர்மாறானது.

ஆஸ்துமாவில் இரண்டு விடயங்கள் நடக்கின்றன. சுவாசக் குழாயின் உட்சுவர் அழற்சியினால் வீங்கிச் சளி சுரக்கிறது. அத்தோடு குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. நீல பம்ப்பில் உள்ள சல்பியூட்டமோல் தசையைச் சில மணி நேரம் தளர்த்தும். வீக்கத்தை அது குறைக்காது. வீக்கத்தைக் குறைப்பது, நாம் பயந்து நிறுத்துகின்ற அந்த ஸ்டீரொய்ட் பம்ப்தான்.

கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்து நோயாளர்களை வைத்துச் செய்யப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, குறைந்த அளவு ஸ்டீரொய்ட் பம்ப்பை ஒழுங்காகப் பாவித்தவர்களிடையே ஆஸ்துமா மரணங்கள் குறைவு எனக் கண்டது. 2018இல் வெளியான இன்னோர் ஆய்வில் 12 வயதுக்கு மேற்பட்ட 3,800க்கும் அதிகமானோர் பங்குபற்றினர். தேவையானபோது தசை தளர்த்தி மட்டும் எடுத்தவர்களை விட, அத்துடன் ஸ்டீரொய்டும் கலந்த பம்ப்பை எடுத்தவர்களுக்குக் கடுமையான தாக்கங்கள் 64 வீதம் குறைந்தன. இத்தகைய சான்றுகளால் 2019இல் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டலான 'ஜீனா', வளர்ந்தோருக்கும் கட்டிளம் பருவத்தினருக்கும் நீல பம்ப்பை மட்டும் வைத்துச் சிகிச்சையளிப்பதைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது.

"ஸ்டீரொய்ட் உடம்பைக் கெடுக்காதா?" என்பது நியாயமான கேள்விதான். மாத்திரையில் மருந்து மில்லிகிராமில் இருக்கும், உடம்பு முழுக்கப் போகும். பம்ப்பில் மைக்ரோகிராமில் இருக்கும், பெரும்பாலும் சுவாசக் குழாயிலேயே வேலை செய்யும். பாவித்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வரும் வாய்ப்பும் குறையும்.

இதற்காக நீல பம்ப்பை வீசிவிட வேண்டாம். முட்டு வரும்போது அது உடனே தேவை. ஆனால் வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் அது தேவைப்பட்டால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்பதே பொருள். கிளினிக்குக்குப் போக வேண்டும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரின் வேலை.

ரமழானில் இன்னும் கவனம் தேவை. தடுப்பு பம்ப்பின் நேரத்தை ஸஹருக்கும் இப்தாருக்கும் மாற்றலாமா என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். பகலில் இன்ஹேலர் பாவித்தால் நோன்பு முறியுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யும் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது. மூச்சுத் திணறும் பிள்ளையைப் பொறுத்திருக்கச் சொல்ல வேண்டாம்.

வீட்டில் சிகரெட், நுளம்புச் சுருள், சாம்பிராணிப் புகை ஆகியவற்றையும் குறைத்துக்கொள்வோம். நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக.