கோழிகளின் கொத்து வரிசை

நாம் குடியிருக்கும் ஒஸ்லோ, கிறிஸ்தியானியா என்றிருந்த காலத்தில், 1894 இல் இங்கு பிறந்தவர் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எபே. சிறுவயதிலேயே கோழிகளை உற்றுநோக்கத் தொடங்கிய இவர், எந்தப் பேடு எதைக் கொத்துகிறது என்பதை ஆராய்ந்து 1922 இல் ஜெர்மன் மொழியில் கட்டுரை வெளியிட்டார். முதற்பேடு எல்லாவற்றையும் கொத்தும். கடைசிப்பேடு எல்லாவற்றிடமும் கொத்து வாங்கும். சிலவேளை முதலாவது இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் கொத்த, மூன்றாவது முதலாவதையே விரட்டும். (நம்மிடையே காணாததா!)

வரிசை நிலைத்தால் சண்டை தணியும். புதுப்பேடு நுழைந்தால் மறுபடியும் தொடங்கும். ஆகவே கோழி வளர்க்கும் அன்பர்கள் புதியவற்றைச் சில நாள் வலைக்கு அப்பால் வைத்துப் பழக்கிய பின்னரே சேர்க்கவேண்டும். தீனித்தட்டு ஒன்றே இருந்தால் கடைசிப்பேடு பட்டினிதான். இரண்டைத் தள்ளித்தள்ளி வையுங்கள். இரத்தம் கண்டால் மற்றவை கொத்தியே கொன்றுவிடவும் கூடும். காயத்துக்கு மருந்து பிறகு, முதலில் தனிக்கூடு.